இரண்டு சஹன்

அலோர் ஸ்டார்
1909 ஜனவரி 14

தங்கச்சி ஆயிஷாவுக்கு உன் கூடப்பிறந்த நானா மீரா சாகிப் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் மகள், என் மருமகள் சல்மாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நீ அனுப்பிய ஹஜ்ஜுப் பெருநாள் சஹன் லாஞ்சில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்தப் பெரிய தட்டைத் துறைமுகத்திலிருந்து தூக்கி வர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நீ கிண்டிய தொதல் இனிப்பு கொஞ்சமும் கெடவில்லை. சல்மா பூத்தையல் போட்ட மூடுதுணியைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள் என் வீட்டுக்காரி. கெடா ராஜாங்க அலுவலகத்தில் என்னோடு எழுதுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சஹனைச் சுற்றி உட்காரவைத்தேன். "பினாங்குல ஹஜ் விடுதி நடத்துற தங்கச்சி. நானாவ ஒரு பெருநாளும் மறந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

ஆனால் ஒரு சங்கதி என் காதுக்கு வந்தது. இதே அளவில், இதே தொதலோடு இன்னொரு சஹன் ஷேக் அலாவுதீன் வீட்டுக்கும் போனதாமே! உன் புருஷனுக்கு அண்ணன், சரி. ஆனால் மச்சான் அப்துல் காதர் மௌத்தாகி இத்தனை வருஷம் ஆன பிறகும், உன் விடுதியைத் தன் கப்பல் டிக்கெட் கடையின் பின்கட்டு மாதிரி அல்லவா பேசித் திரிகிறார்? "பெருநாளுக்குப் பெருநாள் சஹன் வருது பாத்தியா, நம்ம கைக்கு அடங்குன வீடுலா அது" என்று பள்ளிவாசலில் சொன்னாராம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

இங்கே மலாய்க் கடிதங்களை இங்கிலீஷிலும் இங்கிலீஷ் கடிதங்களை மலாயிலும் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேள். கெடா எப்படிப் பிழைத்தது என்று நினைக்கிறாய்? வடக்கே சயாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தங்கத்தில் ஒரு மரம், வெள்ளியில் ஒரு மரம், இலையும் பூவுமாகச் செய்து பாங்காக்குக்கு அனுப்புகிறோம். சயாம்காரன் அதைக் கப்பம் என்கிறான். நாங்கள் அன்பளிப்பு என்கிறோம். யார் சொல்வது சரி என்று இரண்டு பேரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசுவதில்லை. சூட்சுமமே அதுதான். தெற்கே இங்கிலீஷ்காரன். நீ இருக்கிற பினாங்குத் தீவே எங்கள் ராஜா அவனுக்குக் கொடுத்தது. சயாம் படையெடுத்தால் துணைக்கு வருவான் என்று நம்பிக் கொடுத்தார். சயாம் வந்தபோது அவன் வரவில்லை, அது வேறு கதை. ஆனாலும் இவனைக் காட்டி அவனையும், அவனைக் காட்டி இவனையும் எட்ட நிறுத்தி இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். இப்போது சயாம் ஒரு ஆலோசகரை இங்கே உட்காரவைத்திருக்கிறது. உட்காரட்டும். நாற்காலியும் காப்பியும் கொடுத்திருக்கிறோம்.

மருமகளுக்குப் பதினேழு நடக்கிறது. என் மகன் கமாலுக்குக் கஸ்டம்ஸில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தாய்மாமன் வீடு இருக்கும்போது வேறு பேச்சு எதற்கு? சீக்கிரம் பதில் எழுது.

உன் நானா,
மீரா சாகிப்

ஆச்சே தெரு, பினாங்கு
1909 பிப்ரவரி 5

நானாவுக்கு ஆயிஷாவின் ஸலாம்.

ஜித்தாவிலிருந்து கப்பல் வரும் நேரம். மேல்மாடியைக் கழுவி, பாய்களை வெயிலில் போட்டு, தண்ணீர் ஜாடிகளைத் தேய்த்து, முதுகு விட்டுப்போய் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். அரபுத்தமிழில் எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், பாதிப் பழி உங்கள் மேல்.

கெடா பிழைத்த கதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தை எனக்கு யாரும் எடுக்க வேண்டியதில்லை நானா. என் விடுதிக்குப் பெண் ஹாஜிகளை அனுப்புவது நீங்கள். அவர்களுக்குக் கப்பல் டிக்கெட் கொடுப்பது அலாவுதீன் மச்சான். நீங்கள் கையை எடுத்தால் என் மேல்மாடி காலி. அவர் கையை எடுத்தால் வந்தவர்கள் கப்பல் ஏற வழியில்லாமல் என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார்கள். அதனால்தான் இரண்டு சஹன். ஒன்றில் ஒரு தொதல் துண்டு கூடிவிடக் கூடாது என்று நானே பார்த்து அடுக்குகிறேன்.

சல்மாவை அவரும்தான் கேட்கிறார், தன் இரண்டாவது மகனுக்கு. "குர்ஆன் முடிக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் பத்து வயதிலேயே முடித்துவிட்டது அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்: ஹஜ் சீசன் முடியட்டும்.

உங்களுக்குச் சயாம் ஆலோசகர் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒருவர் வந்திருக்கிறார். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குக் காவல் வேண்டுமாம். மச்சான் தன் கடை ஆள் நாகூர் மீரானை என் வாசலுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த மனிதருக்கு வேலை. தாகம் எடுத்தால் கதவைத் தட்டுவதுகூட இல்லை, நேரே அடுப்படிக்கு வந்து ஜாடியில் மொண்டு குடிக்கிறார். சல்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஆனாலும் டிக்கெட் அங்கே இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்களும் அவரும் முகம் பார்க்காமலே இருங்கள். நீங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இருக்கிறவரைக்கும் என் வீட்டில் நான் சொல்வது நடக்கும்.

ஆயிஷா

அலோர் ஸ்டார்
1909 பிப்ரவரி 27

தங்கச்சிக்கு ஸலாம்.

அவசரமாக நாலு வரி. அலாவுதீன் போன வாரம் குவாலா கெடா துறைமுகத்துக்கு வந்திருந்தார். தற்செயலாகப் பார்த்தேன். பேசிப் பார்த்தால் மனிதர் நாம் நினைத்த அளவுக்கு மோசமில்லை. தொழில் தெரிந்தவர். இங்கிருந்து போகும் ஹாஜிகள் ஆளுக்கொரு தரகரிடம் மாட்டிச் சீரழிவதைப் பற்றித்தான் பேச்சு. ஒழுங்குபடுத்தினால் எல்லோருக்கும் நல்லது.

நீ ஒன்றும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக மாடி ஏறி இறங்கியது போதும். எல்லாம் உன் நன்மைக்குத்தான்.

மீரா சாகிப்

அலோர் ஸ்டார்
1909 மார்ச் 29

ஆயிஷா,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போகட்டும். இன்று எனக்கு அதற்கெல்லாம் கோபப்படத் தெம்பில்லை. இருக்கிற கோபம் முழுவதும் வேறு இடத்தில் செலவாகிறது.

எங்களை விற்றுவிட்டார்கள். பாங்காக்கில் உட்கார்ந்து சயாமும் இங்கிலீஷும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு, நாலும் இனி இங்கிலீஷ்காரன் கைக்கு. பதிலுக்குச் சயாமுக்கு ரயில் போடக் கடன், இன்னும் என்னென்னவோ சலுகை. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேள். பினாங்கிலிருந்து லாஞ்சில் வந்த இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன்! இந்த ராஜாங்கத்தின் கடிதத்தையெல்லாம் எழுதுகிற நான், என் ராஜாங்கம் கைமாறியதை மீன் சுற்றி வந்த காகிதத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். எதிரில் எழுதிக்கொண்டிருந்த மலாய்க்காரக் கிராணி, "அபா கத்தா, துவான்?" என்றார். என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறார். வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

இத்தனை நாள் தங்கப் பூ அனுப்பினோமே, அது அன்பளிப்பு என்று நாங்கள் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. கப்பம் கட்டுகிறவனை விற்க உரிமை இருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். தீவைக் கொடுத்தோமே, அந்தச் சிநேகிதனாவது ஒரு வார்த்தை சொன்னானா? இரண்டு பேருக்கும் சண்டை இருந்தவரை எங்களைத் தாங்கினார்கள். சமாதானம் ஆனதும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சிலர் சொல்கிறார்கள், இங்கிலீஷ்காரன் வந்தால் ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், நல்லதுதானே என்று. வரட்டும்! கேட்டிருந்தால் எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேர் சரி என்றிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டார்களா? ஒரு வார்த்தை கேட்டார்களா ஆயிஷா? உயிரோடு இருக்கிற மனிதர்களை, வாயும் காதும் இருக்கிறவர்களை, ஒரு வார்த்தை கேட்காமல் கைமாற்றிக் கொடுப்பது என்ன நியாயம்? எந்தக் கிதாபில் இருக்கிறது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீரா சாகிப்

ஆச்சே தெரு, பினாங்கு
1909 ஏப்ரல் 8

நானாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒவ்வொரு வரியும் நான் உங்களுக்கு எழுத வேண்டியது. நீங்கள் முந்திக்கொண்டுவிட்டீர்கள்.

நான் ஏன் பதில் போடவில்லை என்று கேட்கவில்லை நீங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் நாலு வரிக் கடிதம் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு பக்கத்து வீட்டு நோர்மா சர்க்கரைப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "முபாரக், அக்கா! சல்மாவுக்கு முடிவாயிருச்சாமே, எங்கிட்ட சொல்லவே இல்லலா" என்றாள். "யாருக்கு முடிவாச்சு?" என்று நான் கேட்டேன். பெற்ற தாய் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரியிடம். பள்ளிவாசலில் அலாவுதீன் மச்சான் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்து அறிவித்துவிட்டாராம். நீங்கள் பத்திரிகையில் படித்தீர்கள். நான் சர்க்கரையில் தெரிந்துகொண்டேன்.

உங்கள் இந்தக் கடிதம் வந்த அன்றே தச்சரும் வந்தார். நாகூர் மீரான் அழைத்துக்கொண்டு வந்தார், வழக்கம் போலத் தட்டாமல். மேல்மாடியில் தடுப்பு அடிக்க அளவு எடுக்கிறார்கள். ஹாஜிகள் தொழுகைக்கு விரித்திருந்த பாயை மிதித்துக்கொண்டு அளக்கிறார்கள். "யாரக் கேட்டு அளக்குறீங்க?" என்றேன். பின்னாலேயே மச்சான் வந்தார். "ஒங்க நானாவும் நானும் பேசி முடிச்சாச்சு ஆயிஷா. பொண்ணு கமாலுக்கு. விடுதிய நான் பாத்துக்குவேன். கெடா ஹாஜிங்க எல்லாம் இனி எங்கிட்ட. ஒனக்குப் பின்கட்டுல ஒரு ரூம், மூணு வேளச் சோறு. ஒனக்கென்ன கவலலா?" என்றார். அப்படியே சிரித்தார்.

அந்த வீடு என் புருஷன் எனக்குக் கொடுத்த மஹர், நானா. நிக்காஹ் அன்று நீங்களும் சாட்சியாக உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மாடியில் பதினோரு ஹஜ் சீசனாக நான் சோறு வடித்திருக்கிறேன். எத்தனை கெடாப் பெண்களுக்குக் காய்ச்சலில் கால் பிடித்துவிட்டிருக்கிறேன். என் பெண்ணை ஒருவர் எடுத்துக்கொள்கிறீர்கள், என் வீட்டை ஒருவர் எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு மூன்று வேளைச் சோறு.

ஆளுக்கொரு சஹன் அனுப்பியதை அவர் தன் அதிகாரத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார், அது எனக்குத் தெரியும். நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

சல்மா என்ன சொன்னாள் என்று கேளுங்கள். அழவில்லை அவள். "மாமு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன் உம்மா. கமால் மச்சான் நல்லவுங்கதான். ஆனா கேக்கல. அதனால இப்ப மாட்டேன்" என்றாள். உயிரோடு இருக்கிற மனிதர்களை, வாயும் காதும் இருக்கிறவர்களை, ஒரு வார்த்தை கேட்காமல் கைமாற்றிக் கொடுப்பது என்ன நியாயம் என்று எழுதியிருந்தீர்களே. எனக்கும் அதற்குப் பதில் வேண்டும்.

ஆயிஷா

அலோர் ஸ்டார்
1909 ஏப்ரல் 20

ஆயிஷா,

எதை எதோடு சேர்க்கிறாய்? சயாமும் இங்கிலீஷும் அந்நியர்கள். நான் உன் கூடப்பிறந்தவன். அவர்கள் தங்கள் லாபத்துக்குச் செய்தார்கள். நான் என் மருமகளை என் வீட்டுக்கே கொண்டுவருகிறேன், அதில் என்ன குற்றம்? மனசில் விஷம் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லதும் கெட்டதாகத்தான் தெரியும்.

அலாவுதீனோடு சேராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? இங்கே இங்கிலீஷ்காரன் வரப்போகிறான். நாளைக்கு இந்த அலுவலகத்தில் எனக்கு நாற்காலி இருக்குமோ இருக்காதோ தெரியாது. ஹாஜிகளை அனுப்பும் தொழிலில் ஒரு பிடிப்பு இருந்தால்தான் என் குடும்பம் நிற்கும். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரொம்ப நாள் இரண்டு பேரையும் ஏய்த்துக்கொண்டு ஓட்டலாம் என்று நினைத்தாய். இனி அது நடக்காது. டிக்கெட்டும் ஹாஜியும் ஒரே கைக்கு வந்துவிட்டன.

நிக்காஹ் ரஜப் மாதத்தில். அலாவுதீன் பெண்ணுக்கு வலியாக, வாப்பா இடத்தில் பொறுப்பாக நிற்பார். பெரியவாப்பா இருக்கும்போது அதுதான் முறை. கமாலோடு நான் வருகிறேன். ஊர் சிரிக்கும்படி ஏதும் செய்துவிடாதே.

மீரா சாகிப்

ஆச்சே தெரு, பினாங்கு
1909 மே 3

நானாவுக்கு ஸலாம்.

சரி நானா. உங்கள் விருப்பப்படியே வாருங்கள். மருமகனையும் அழைத்து வாருங்கள். வந்தவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் வராது, அது என் பொறுப்பு.

ஒரு சின்ன வேண்டுகோள். நிக்காஹ் அன்று மார்க்கத்தில் சொன்னபடியே எல்லாம் நடக்கட்டும். சாட்சிகள் திரைக்கு அருகில் வந்து சல்மாவிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். அவசரமாக ஓதி முடித்துவிட்டார்கள் என்று பின்னால் யாரும் நம் குடும்பத்தைப் பேசக் கூடாது பாருங்கள்.

ஆயிஷா

அலோர் ஸ்டார்
1909 ஜூலை 21

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

உன் கடிதம் என் மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. நிக்காஹ் முறைப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய், அதற்கென்ன, அப்படியே செய்வோம். கேட்கத்தானே போகிறார்கள்.

இங்கே எல்லாம் முடிந்தது. சயாம் ஆலோசகர் போனார், இங்கிலீஷ் ஆலோசகர் வந்தார். நாற்காலி அதே நாற்காலி. கைமாறிய அன்று மொழிபெயர்த்தவன் நான்தான். எங்கள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தால் மையித்து எடுக்காத சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. ஆலோசகர் எது கேட்டாலும் "பாயிக், துவான்" என்கிறார்கள். சரி, ஐயா. அப்புறம் காகிதமெல்லாம் மலாயில்தான், ஜாவி என்கிற அரபு எழுத்தில்தான் வர வேண்டும் என்று பணிவாகச் சொல்கிறார்கள். வழக்கப்படி ராஜாங்க மன்றத்தில் வைத்துத்தான் முடிவு என்கிறார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, வேலை மட்டும் நடப்பதில்லை. அவர் வழக்கத்தை மீறினார் என்றால் குற்றம் அவர் தலையில். எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டே முடியாது என்று சொல்கிற வித்தையை இங்கேதான் பார்த்தேன். இங்கிலீஷ்காரனுக்கு இது விளங்க இன்னும் பல வருஷம் ஆகும்.

ரஜப் பிறை கண்டாகிவிட்டது. விரைவில் சந்திப்போம்.

மீரா சாகிப்

அலோர் ஸ்டார்
1909 ஆகஸ்ட் 14

ஆயிஷா,

ஸலாம் எழுதவும் கை வரவில்லை. பாதி பினாங்கு உட்கார்ந்திருந்த சபையில் என் தலையை நடுத்தெருவில் போட்டாய்.

எந்த ஊரிலாவது உண்டா? சாட்சிகள் திரைக்கு வந்து கேட்டால் பெண் தலை குனிந்து சும்மா இருப்பாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். காலங்காலமாக வழக்கம் அதுதானே! உன் மகள் என்ன செய்தாள்? "எனக்குச் சம்மதமில்ல. இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேக்கல. இப்பத்தான் கேக்குறீங்க, இப்பத்தான் சொல்றேன்." அஞ்சடி வரைக்கும் கேட்டது அந்தக் குரல். பிரியாணி தேக்ஸாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காஜியார் புத்தகத்தை மூடிவைத்து, "பொண்ணு வாயத் தொறந்து மாட்டேன்னு சொன்ன பெறகு பெரியவாப்பா நின்னாலும் நிக்காஹ் இல்ல" என்று எழுந்துவிட்டார். அலாவுதீன் என்னைப் பார்த்து, நான் அலாவுதீனைப் பார்த்து, இரண்டு பேரும் செருப்பைத் தேடினோம். கமால் மாப்பிள்ளை உடுப்போடு லாஞ்சு ஏறினான். வழியெல்லாம் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

சரி நானா, வாருங்கள் நானா என்று எவ்வளவு பணிவாக எழுதினாய்! இப்போது புரிகிறது எனக்கு. கூடப்பிறந்த நானாவிடமா இந்தத் தந்திரம்?

இனி ஒரு கெடா ஹாஜியும் உன் வீட்டுப் படி ஏறமாட்டாள். அலாவுதீன் டிக்கெட் தரமாட்டார். பார்ப்போம் எப்படி நடத்துகிறாய் என்று.

மீரா சாகிப்

அலோர் ஸ்டார்
1909 அக்டோபர் 20

ஆயிஷாவுக்கு ஸலாம்.

நோன்புப் பெருநாள் போய்விட்டது. லாஞ்சு வந்தது, சஹன் வரவில்லை. அலாவுதீன் வீட்டுக்கும் போகவில்லை என்று கேள்வி. எங்களை விட்டால் உனக்கு ஆண் துணை யார் என்று நினைத்துப் பார்த்தாயா? அலுவலகத்தில் எல்லோரும் எங்கே சஹன், எங்கே சஹன் என்று கேட்கிறார்கள்.

கமால் நேற்று யாரிடமும் சொல்லாமல் லாஞ்சில் கிளம்பிவிட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை.

மீரா சாகிப்

ஆச்சே தெரு, பினாங்கு
1909 அக்டோபர் 26

நானாவுக்கு ஆயிஷாவின் ஸலாம்.

முதலில் உங்கள் கவலை தீரட்டும். கமால் இங்கே வந்துபோனான். இரவு பள்ளிவாசலில் தங்கிக்கொண்டு காலையில் வந்தான். அஞ்சடியில் நின்று கதவைத் தட்டினான், நான் "யாரு" என்று கேட்கிறவரைக்கும் நின்றான். "மாமி, அன்னிக்கு நானும்தான் ஒண்ணும் கேக்காம வந்து மாப்பிள்ளையா உக்காந்துட்டேன். வாப்பா சொன்னாங்க, வந்தேன். இப்பக் கேக்க வந்திருக்கேன். வேணாம்னா போயிர்றேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது பிள்ளைக்கு. சல்மா திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "ஹஜ் சீசன் முடியட்டும், சொல்றேன்" என்றாள். அப்படியே என் வார்த்தை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். இந்தத் தடவை சீசன் முடிந்ததும் அவள் நிஜமாகவே பதில் சொல்வாள் என்று நினைக்கிறேன். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள், ஆனால் அவன்தான் முதலில் கேட்டான்.

விடுதி எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம் என்றீர்கள். பாருங்கள். தடுப்பு அடிக்க அளந்த தச்சர் திரும்பி வரவில்லை, மேல்மாடி நிறைந்துவிட்டது. எல்லாம் உங்கள் ஊர்ப் பெண்கள்தான். நீங்கள் அனுப்பி வரவில்லை. போன வருஷம் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தவளுக்குத் தங்கை, அவளுக்குச் சம்பந்தி என்று, துறைமுகத்தில் இறங்கி ஆயிஷா வீடு எது என்று கேட்டுக்கொண்டு தாங்களாகவே வருகிறார்கள். ஆண்கள் பேசி முடித்ததெல்லாம் அவர்கள் காதில் விழவேயில்லை போலிருக்கிறது. டிக்கெட்டுக்கும் வழி பிறந்தது. மச்சானோடு போட்டியில் இருக்கிற இன்னொரு கப்பல் ஏஜெண்ட் நானே தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அது தெரிந்ததும் மச்சான் தானும் தருவதாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரிடமும் பாதிப் பாதி வாங்குகிறேன். அவர்கள் சண்டை நீடிக்கட்டும் என்று தொழுகைக்குத் தொழுகை துஆச் செய்கிறேன்.

இனி சஹன். அது கப்பமா அன்பளிப்பா என்பதை யாரும் உட்கார்ந்து பேசாததுதான் சூட்சுமம் என்று நீங்கள் எழுதினீர்கள். பேசாமல் இருந்ததால்தான் உங்கள் ராஜாங்கத்தை விற்றார்கள், என் வீட்டை அளந்தார்கள். அதனால் நான் பேசிவிடுகிறேன். அது அன்பளிப்பு. எனக்கு ஆசை இருந்தால் வரும், மனசு நொந்தால் வராது. கப்பம் நின்றுபோனால் எங்கே கப்பம் என்று கேட்பார்கள். அன்பளிப்பு நின்றுபோனால், என்னம்மா, என்ன கோபம் என்று கேட்பார்கள். உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் நானா. எங்கே சஹன் என்று இருக்கிறது. என்ன கோபம் என்று ஒரு இடத்திலும் இல்லை. பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்பு திறக்கிற நேரத்தில் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், பொய் சொல்லவில்லை.

கெடாவுக்காக நீங்கள் சோறு இறங்காமல் கிடந்தீர்களே, அந்தக் கோபம் நியாயமான கோபம். அதில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த நியாயத்தை அலோர் ஸ்டாரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், இங்கேயும் கொண்டு வாருங்கள்.

லாஞ்சில் இனி சஹன் ஏறாது. இங்கேதான் விரிக்கிறேன், என் வீட்டுக் கூடத்தில், என் கையால். நீங்களும் வாருங்கள், அலாவுதீன் மச்சானும் வரட்டும், எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுங்கள். மச்சானுக்கும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன். யார் பக்கம் கறி அதிகம் என்று நான்தான் பார்ப்பேன்.

வரும்போது கதவைத் தட்டுங்கள், நானா. நாகூர் மீரான்கூட இப்போது தட்டிவிட்டுத்தான் தண்ணீர் கேட்கிறார்.

உங்கள் தங்கச்சி,
ஆயிஷா